பச்சைக்காரியின் பின்சீட்

செம்மாண்டபாளையத்தில் மில்லுக்காரர் திருமூர்த்தி வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் யாராக இருந்தாலும், டாக்டருக்குப் படித்தவளானாலும் சரி, பத்தாவது தாண்டாதவளானாலும் சரி, கல்யாண மண்டபத்திலிருந்து வீடுவரைக்கும் ஓடாத காரில் உட்கார்ந்துதான் வந்தாக வேண்டும். அந்தக் காரைப் பதினாறு ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவார்கள், பின்சீட்டில் பெண் தனியாகத்தான் இருப்பாள், வழியில் எங்கேயும் இறங்கக் கூடாது. அப்படித்தான் அவருடைய மனைவி சம்பூரணம் வந்தாள், அவருடைய தம்பிமார் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்களும் வந்தார்கள், ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேகலாவும் வந்தாள். மற்றவர்கள் வந்து இறங்கினார்கள், மேகலா வந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் காருக்கு வீட்டில் பச்சைக்காரி என்று பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அமெரிக்காவில் பிறந்து, கப்பலில் கொச்சிக்கு வந்து, மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் துரையிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திருமூர்த்தியின் அப்பாவிடம் வந்துசேர்ந்தவள். அவளைச் செய்த கம்பெனி எப்போதோ இல்லாமல் போயிற்று, அதனால் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவளுடைய இன்ஜின் இறுகிப் போனபோது மாற்றிப் போட ஒரு பிஸ்டன் உலகத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து போடலாம் என்று சொன்ன மூன்று மெக்கானிக்குகளை அந்த வீட்டு வாசலிலிருந்து விரட்டியிருக்கிறார்கள். திருமூர்த்திக்கு ஒரிஜினல் என்பது ஒரு வார்த்தை அல்ல, ஒரு சாமி. டூப்ளிகேட் என்பது அந்த வீட்டில் கெட்ட வார்த்தை, குழம்பில் புளிக்குப் பதில் தக்காளியைக் கரைத்துவிட்டால்கூட, "என்ன சம்பூரணம், டூப்ளிகேட்டு ஊத்தறே?" என்பார். பெண் பார்க்க வந்த அன்று மேகலாவின் தலையைப் பார்த்துவிட்டு, "சுருட்டை ஒரிஜினலுங்களா கண்ணு?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள், இன்றைக்கும் அந்தச் சிரிப்புக்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம்.

மில்லின் பழைய பஞ்சுக் குடோனில் பச்சைக்காரியோடு சேர்த்துப் பதினோரு வண்டிகள் நின்றன. பிளைமவுத், டாட்ஜ், ஸ்டூடிபேக்கர், மூக்கு நீண்ட இரண்டு செவர்லே, எல்லாம் இடதுகைப் பக்கம் ஸ்டியரிங், எல்லாம் அமெரிக்கா. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருமூர்த்தி அங்கே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். குரோம் பம்பர்களைப் பல்பொடி போட்டுத் துடைப்பார், தோல் சீட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் தொட்ட மல்லுத்துணி, ஓடுகிற ஒவ்வொரு வண்டியையும் கிளப்பி எட்டு நிமிடம் ஓடவிட்டு பானெட்டின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார், "நாலாவது வால்வு லேசாப் பேசுது இன்னாசி" என்பார், போத்தனூர் மெக்கானிக் இன்னாசி திறந்து பார்த்தால் நாலாவது வால்வுதான். நிச்சயத்துக்குப் பிறகு ஒருநாள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்த மேகலாவுக்கு, நியாயத்தைச் சொல்ல வேண்டும், மனம் நிறைந்துபோயிற்று. கம்புப் பயிரின் வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சையை ஐந்து வருடமாக மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு சின்னச் சத்தத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையே கொடுக்கிற மனிதர் கெட்டவராக இருக்க முடியாது என்று நினைத்தாள். கெட்டவரில்லைதான். அதுதான் சிக்கலே.

கல்யாணத்துக்கு அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை, படிப்பை முடிக்க விட வேண்டும். ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வைவா, அதாவது ஆராய்ச்சி செய்ததையெல்லாம் வெளியூர்ப் பரிசோதகர் முன்னால் நின்று வாயால் நிரூபிக்க வேண்டிய கடைசிப் பரீட்சை. மூன்று முறை தள்ளிப்போய்விட்ட தேதி. இந்த முறை விட்டால் பதிவே ரத்து, இருநூற்றுப் பதினாலு தொட்டிச் செடியும் ஐந்து வருடமும் வெறும் கதை. மாப்பிள்ளை நவநீதன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக, "நானே கூட்டிட்டுப் போறேன் மேகலா" என்றிருந்தான்.

பச்சைக்காரி மண்டபத்து வாசலிலிருந்து நகர்ந்து, பதினாறு பேரின் மூச்சில் பெரிய கிணற்று வளைவைத் தாண்டும்போது, முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த நவநீதன் பாதிமட்டும் திரும்பினான்.

"மேகலா, அந்த வைவா இருக்குதுல்ல, அதைச் சித்தெ தள்ளிப் போட முடியுமான்னு உங்க கைடுகிட்ட ஒரு பேச்சுக் கேளு. தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம்ங்கறாரு அப்பா."

"முடியாதுங்க. இதுதான் கடைசித் தேதின்னு உங்களுக்கே தெரியும்."

"ஏங்கண்ணு, வேர்ல பூஞ்சை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார் திருமூர்த்தி, ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கை ஓடுகிற வண்டியைப் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு. "இப்பக் கம்பு யாரு திங்கறாங்க?"

மேகலாவுக்கு விவாதம் என்றால் விரல் மடக்கித்தான் வரும். "முதலாவது," என்றாள், "கம்பை யாரு திங்கறாங்கங்கறதுக்கும் எனக்குக் குடுத்த வாக்குக்கும் சம்பந்தமில்லீங்க மாமா. ரெண்டாவது, அந்தப் பூஞ்சை இல்லாட்டி வேருக்குப் பாஸ்பரஸ் போகாது, உங்க தோட்டத்துச் சோளமும் சேத்துத்தான். மூணாவது..."

மூன்றாவதைச் சொல்வதற்குள் பச்சைக்காரியின் வயிற்றில் என்னவோ ஒன்று தும்மியது, இருமியது, பிறகு நாற்பத்தைந்து வருடம் வாய் மூடியிருந்த எட்டு சிலிண்டரும் ஒன்றாகச் சேர்ந்து பேச ஆரம்பித்தன. தள்ளிக்கொண்டு வந்த பதினாறு பேரும் கை காலியாகி ரோட்டில் விழுந்து எழுந்து பின்னால் ஓடி வந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார். டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. திருமூர்த்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது, அவர் அதைத் துடைக்கவுமில்லை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவுமில்லை, மருமகள் மூன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் சொல்லச் சொல்ல வண்டி பூ மாதிரி போய் வீட்டு வாசலில் நின்றது.

அப்பா இறங்கினார், மகன் இறங்கினான், சம்பூரணம் ஆரத்தித் தட்டோடு வந்து பின்கதவைத் திறந்தாள். மேகலா புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நகர்ந்தாள். சீட் முடியவில்லை. இன்னும் நகர்ந்தாள், தோல் சீட் பட்டுப்புடவைக்கு வழுக்கி வழுக்கி வழிவிட்டது, ஆனால் கதவு முதலில் இருந்த தூரத்திலேயே, நாலு சாண் தள்ளியே நின்றது. எதிர்ப்பக்கம் நகர்ந்து பார்த்தாள், அங்கேயும் நாலு சாண். ஆரத்திக் கற்பூரம் எரிந்து அணைந்தது, இன்னொன்று ஏற்றினார்கள், அதுவும் அணைந்தது. கையைப் பிடித்து இழுக்கலாம் என்று நவநீதன் உள்ளே சாய்ந்தான். அவன் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் எப்போதும் ஒரு சாண் மிச்சமிருந்தது.

"சரி, விடுங்க, கதவத் தெறந்தே வெச்சுக்கலாம்," என்று முடிவாகச் சொன்னாள் சம்பூரணம். "காத்தாவது வரட்டும்." ஆரத்தியைத் திறந்த கதவுக்கு முன்னாலேயே சுற்றிக் கொட்டினாள், வலது காலை எடுத்து வைக்க வேண்டிய சடங்கை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள், ஒரம்பரை சனம் எல்லோரும் பந்திக்குப் போனார்கள்.

ஊர் ஒரு வாரம் பேசியது. எட்டாம் நாள் பழகிவிட்டது. மேகலாவுக்குப் பசி, தாகம், தூக்கம், மற்றது எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பெண்கள் தங்களுக்குள், "ஒரு வேலை மிச்சமுங்க" என்று பேசிக்கொண்டார்கள். மாதத்தில் மூன்று நாள் தள்ளி உட்காரவைக்கிற கவலையும் இல்லை என்று சம்பூரணம் அடிக்குரலில் திருப்திப்பட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து ஜன்னல் வழியாக அறிவியல் நோட்டை நீட்டினார்கள். தண்ணீர் இறைக்க மறுத்த போர்வெல் மோட்டார்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து பச்சைக்காரியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள், சிலது ஓடியது என்றும் சொன்னார்கள். "நான் ஒண்ணும் சாமி இல்ல, எலக்ட்ரீசியனும் இல்ல, காயில் எரிஞ்சு போயிருக்கும், கழட்டிப் பாருங்க!" என்று அவள் கத்தினால் பச்சைக்காரி சந்தோஷமாக உறுமினாள், கொண்டுவந்தவர்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாரியம்மன் கோயில் தேருக்கு முன்னால் பச்சைக்காரியை விட்டார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஒருத்தருக்காவது அவள் ஒரு மனுஷி, கதவு திறந்திருந்தும் இறங்க முடியாமல் கிடக்கிறாள் என்று தோன்றவில்லை. தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது, தோன்றியது, அதோடு வாழப் பழகிக்கொண்டார்கள். இது அதைவிட மோசம்.

அவளைப் பெற்ற அம்மா தாராபுரத்திலிருந்து வந்து ஜன்னலோரம் நின்று மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உக்காந்த எடத்துல எல்லாம் நடக்குது. ஊரே வந்து கும்புடுது. இன்னும் என்னடி வேணும் உனக்கு?"

"எறங்கணும்மா."

"எறங்கி?"

இந்தக் கேள்விக்கு மேகலா பதினோரு காரணம் சொன்னாள். அம்மா கேட்கவில்லை, இன்ஜின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

முழுக்க உதவி செய்ய நினைத்தவர் இன்னாசி ஒருவர்தான். வண்டிக்கு அடியில் படுத்து அரை நாள் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "நாலு போல்ட்டுதான் முதலாளி, சீட்டோட சேத்து வெளிய எடுத்துடலாம், பத்து நிமிசம்" என்றார்.

"அந்த நாலு போல்ட்டுத் தலைலயும் கம்பெனி அடிச்ச பெயிண்ட்டு இன்னும் ஒடையாம இருக்குது இன்னாசி. பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேனுங்க."

"அதுல ஸ்பேனரு வெச்சா அப்புறம் அது என்ன?"

இன்னாசி மேகலாவைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். "டூப்ளிகேட்டுங்க."

வண்டியோடேயே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், ஜன்னல் வழியாகவே வைவாவை முடித்துக்கொள்கிறேன் என்றும் அவள் கேட்டுப் பார்த்தாள். நவநீதன் போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தான், பாவம், நோட்டில் எழுதியே கொண்டுவந்தான்: அந்த ரோட்டில் பதினேழு ஸ்பீடு பிரேக்கர். "ஒரிஜினல் சைலன்சர் அடிபட்டுரும் மேகலா. லாரியில ஏத்தறது கார்க் கண்காட்சிக்கு மட்டுந்தானாம். அப்பா ஒத்துக்க மாட்டாரு." நேரில் நிற்காமல் கம்ப்யூட்டர் வழியாகப் பேசலாமா என்று கேட்டு எழுதிய மனுவுக்கு, விதியில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அன்றைக்கு அவள் நவநீதனைத் திட்டவில்லை. அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது" என்றான். உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தான், அந்த வருத்தத்தோடு உள்ளே போய் நன்றாகச் சாப்பிட்டான்.

மறுநாளிலிருந்து மேகலா பேச்சை நிறுத்தினாள். தான் பேசினால் வண்டி ஓடுகிறது, வண்டி ஓடுகிறவரைக்கும் தன்னை யாரும் இறக்கப்போவதில்லை, எனவே பேசக் கூடாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. பச்சைக்காரி அடங்கிப்போனாள். திருமூர்த்தி வாசலிலேயே பானெட்டின்மேல் காதை வைத்தபடி குழந்தைக்குக் காய்ச்சல் வந்த தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மற்ற பத்து வண்டிக்கும் அந்த வாரம் துடைப்பு இல்லை. ஊர் வந்து கெஞ்சியது, சீண்டியது, பொம்பளைக்கு வாய் நீளம் என்றது, படிச்சவ திமிர் என்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. தொண்டைக்குள் பதில்கள் வரிசை கட்டி நின்று ஒன்றையொன்று நெருக்கித் தள்ளின, சீட்டின் நீளத்தைவிட அந்த நெருக்கடிதான் அவளை அதிகம் மூச்சு முட்டச் செய்தது.

பத்தாம் நாள் மத்தியானம் சம்பூரணம் முறத்தில் காளானை வைத்து மண் போக ஆய்ந்தபடி வண்டிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேறு எந்த எண்ணமும் இல்லாமல், உள்ளபடியே தெரியாமல்தான் கேட்டாள்.

"ஏங்கண்ணு, இந்தக் காளான் ஒரு செடிதான?"

மேகலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள்.

"செடி இல்லீங்க அத்தை!" என்று வெடித்தாள். "காளான் பூஞ்சை! பூஞ்சை செடியுமில்ல, மிருகமுமில்ல, அது தனி உலகம், அதுக்குப் பச்சையமே கிடையாது..." பச்சைக்காரி எட்டு சிலிண்டரிலும் கூவிக்கொண்டு எழுந்தாள், திருமூர்த்தி மில்லிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

அன்றிலிருந்து அதுவே சாவி. தேருக்குப் போக வேண்டுமா, கல்யாணத்துக்கா, யாராவது ஒருவர் ஜன்னலில் குனிந்து மரியாதையாக, "அம்மிணி, காளான் செடிதானுங்களே?" என்பார். தெரிந்துகொண்டே கேட்கிறான், இது தந்திரம், வாயைத் திறக்காதே என்று மேகலா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்திருக்கும். ஒரு பொய் காற்றில் அப்படியே நின்றுகொண்டிருப்பதை அவளால் தாங்க முடியாது. அவளுடைய ஆசிரியர்கள் மெச்சிய குணம் அது, இப்போது ஊரில் போகிற வருகிறவனெல்லாம் அதைத் திருகிக்கொண்டிருந்தான்.

முதன்முதலில் காளானைக் கேட்ட அன்று சாயங்காலமே சம்பூரணம் திரும்ப வந்து, தான் கெடுத்ததைத் தானே அறிந்தவள் மாதிரி ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். "நான் தெரிஞ்சு கேக்கல கண்ணு," என்றாள். துடைத்துக்கொண்டே, "உங்க மாமா கையப் புடிச்சு எறக்குனாரு, நான் எறங்கிட்டேன். நானா நகந்து பாக்கவே இல்ல. பாத்திருந்தா எனக்கும் சீட்டு நீளமாத்தான் இருந்திருக்குமோ என்னமோ" என்றாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துவிட்டுப் போனாள்.

வைவாவுக்கு முந்தின நாள், நாற்பத்திரண்டாம் நாள், கோயமுத்தூர் மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. முப்பது வருடமாகத் திருமூர்த்தி போகிற கண்காட்சி, முப்பது வருடமாகப் பரிசு மேடைக்குத் தன் பலத்தில் ஓடிவர முடியாததால் பச்சைக்காரி ஓரத்தில் நிற்கிற கூட்டத்தில் நின்ற கண்காட்சி. இந்த முறை லாரியிலிருந்து இறக்கிய கையோடு அவர் பின்னால் திரும்பி மெதுவாக, "கண்ணு, காளான்..." என்று ஆரம்பித்தார், முடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் பாலகோபால் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் கையில் அட்டையுமாகப் பச்சைக்காரியைச் சுற்றி வந்தார். அட்டையில் இடம் போதாமல் பாராட்டினார். போல்ட்டுத் தலைப் பெயிண்டைப் பார்த்தபோது அவருக்கும் கண் கலங்கியது. பிறகு பின்கதவுப் பக்கம் குனிந்தார்.

"இது?"

"மருமகளுங்க," என்றார் திருமூர்த்தி.

"எடுத்துட்டா?"

"வண்டி ஓடாதுங்க. இவ இருந்தாத்தான் ஓடும்."

பாலகோபால் ஆச்சரியப்படவில்லை, பழைய வண்டிகளில் அவர் எத்தனையோ பார்த்தவர். இன்ஜின் துணைப் பாகங்கள் என்ற தலைப்பின் கீழே, "பெண், ஒன்று. ஒரிஜினல்" என்று எழுதி முழு மதிப்பெண் போட்டார்.

மேகலா கத்தின கத்தில் மைதானத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. நான் பாகமில்லை, எனக்குப் பெயர் இருக்கிறது, நாளைக்கு எனக்குப் பரீட்சை, கடத்தல் இது, சிறை இது. அவள் குரல் ஏற ஏற இன்ஜின் சுருதி ஏறியது, நடுவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, "ஆகா, என்ன சவுண்டு" என்று சத்தத்துக்கும் பத்துக்குப் பத்துப் போட்டார், கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலில்தான் அவளுக்கு உறைத்தது. மனுஷி என்று வாதாடுகிறவரைக்கும் அது வெறும் எரிபொருள்.

அவள் நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், அந்த அட்டையில விதி ஏதோ அச்சடிச்சிருக்கே, கொஞ்சம் படிக்கலாமுங்களா?"

படிக்கக் கேட்டதே பாலகோபாலுக்குச் சந்தோஷம், இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல் படித்தாள். ஏழாவது விதி: வண்டி பிறந்த வருடத்துக்குப் பிறகு செய்யப்பட்ட பாகம் எதுவானாலும் ஒன்றுக்குப் பத்து மதிப்பெண் கழிக்கப்படும், பரிசுச் சுற்றுக்கு முன்பு சொந்தக்காரர் தன் கையால் அதைக் கழற்றிவிட்டால் கழிக்கப்படாது.

"வண்டி எந்த வருசத்துதுங்க சார்?"

"ஐம்பத்தொண்ணு."

"நான் தொண்ணூத்தியேழு."

"அவ பாகமில்லீங்களே!" என்று குறுக்கே வந்தார் திருமூர்த்தி. "மருமகளாக்கும்."

மேகலா விரல் மடக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "நல்லது மாமா. நான் பாகமில்லைன்னா, வண்டி தன் பலத்துல ஓடலை, நான் ஓட்டறேன். ஓடினதுக்குப் போட்ட மார்க்க அடிச்சிடச் சொல்லுங்க. நான் பாகம்னா, ஐம்பத்தொண்ணுல செஞ்சதில்லை. பத்துக் கழிச்சிடச் சொல்லுங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பாலகோபால் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டார். "பாயிண்ட்டு."

"அதோட முடியலைங்க சார். கடைவாய்ப் பல்லுல ஒண்ணு சிமெண்ட்டு, காந்திபுரத்துல அடைச்சது. கணுக்கால்ல ஸ்கூட்டர்ல விழுந்தப்போ வெச்ச ரெண்டு டைட்டானியம் ஸ்க்ரூ, ஜெர்மனி. பாருங்க." அவள் வாயைத் திறந்து காட்டினாள், புடவைக் கரையை ஒரு விரற்கடை தூக்கித் தழும்பைக் காட்டினாள், நடுவர் டார்ச் அடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "என்னோட சேத்து நாலு பாகம். நாப்பது மார்க்கு. அப்புறம், நான் ஊருக்குப் புதுசு, வீட்டுக்குப் புதுசு, பொறந்தது தாராபுரம். இந்த வண்டியில என்னை மாதிரி டூப்ளிகேட்டு வேற எதுவுமே இல்லீங்க சார்."

அந்த வார்த்தையை அவள் சொன்னதும் திருமூர்த்தி ஒரு எட்டுப் பின்வாங்கினார். பச்சைக்காரியின் ஒவ்வொரு ஆணியையும் பார்த்தார், பிறகு பின்சீட்டைப் பார்த்தார், நாற்பத்திரண்டு நாளில் முதல்முறையாக அங்கே தன் வண்டிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார் என்று மேகலாவுக்குத் தெரிந்தது. மேடைக்கு ஓடிப் போகிற பெருமை ஒரு பக்கம். எழுபத்துச் சொச்ச வருடமாக ஒரு அந்நியத் திருகாணி ஏறாத உடம்பு மறுபக்கம். வேண்டாம் என்று நவநீதன் என்னவோ சொல்ல வந்தான், அவனைக் கையால் அக்கட்டால தள்ளினார்.

குனிந்து, திறந்தே கிடந்த கதவை ஒருமுறை சாத்தி, மறுபடி தன் கையால் திறந்தார்.

"எறங்கும்மா," என்றார். கண்ணு என்று சொல்லவில்லை.

மேகலா நகர்ந்தாள். ஒரு சாண், இரண்டு, மூன்று, நாலு. சீட் முடிந்தது. அவள் கால் புல்லைத் தொட்டதும் பச்சைக்காரியின் எட்டு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன. பாலகோபால் அட்டையில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு, வண்டியை ஓடாத வரிசைக்கு மாற்றி எழுதினார். யாரோ கை தட்டினார்கள். அவளுக்காக இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நெஞ்சு நிமிரவில்லை; மனுஷி என்று சொன்னபோது அசையாத கதவு டூப்ளிகேட் என்று சொன்னபோது திறந்தது, இந்த அநியாயத்தை யாரிடம் வாதாடுவது என்று தெரியாமல், நாற்பத்திரண்டு நாள் மடங்கியே இருந்த முழங்காலை நிமிர்த்தத் தெரியாமல், பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பம்பரையும் திருமூர்த்தி உடனே துணியால் துடைத்தார்.

நவநீதன் ஓடிப்போய் வீட்டுச் சின்னக் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்தான்.

"ஏறு மேகலா. நாளைக்குத்தான வைவா? நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

அவள் அந்தக் கதவையும், அதற்குள்ளே தெரிந்த சீட்டையும் பார்த்தாள். சின்ன வண்டி, நாலு சாண்கூட இராது.

"நவநீதன்," என்றாள், முதல்முறையாகப் பெயர் சொல்லி. "உங்க சத்தியம் ஓடாது. தள்ளத்தான் வேணும்."

மைதானத்து வாசலில் பல்கலைக்கழகம் வழியாகப் போகிற டவுன் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கதவில்லாத பழைய பஸ். கல்யாணப் பட்டுப்புடவையோடு ஒருத்தி நொண்டிக்கொண்டே ஓடிவருவதைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை, பஸ் முழுக்கக் காலி.

"உள்ள வந்து உக்காருங்க அம்மிணி, எவ்வளவு சீட்டு கெடக்குது," என்றார் கண்டக்டர்.

"வேண்டாங்க. நின்னுக்கறேன்."

கண்டக்டர் தோளைக் குலுக்கிவிட்டுப் பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டைக் கிழித்தார். கிழித்தவர் அதை நீட்டிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார்:

"எங்க எறங்கணும்?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள், ஒன்றுக்குப் பதினொன்று சொல்பவள், நாற்பத்திரண்டு நாளாக யாரும் தன்னிடம் கேட்காத அந்தக் கேள்விக்குப் படிக்கட்டில் காற்றில் புடவை படபடக்க நின்றுகொண்டு வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கண்டக்டர் காத்திருந்தார். பஸ் முதல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியது.